விலை வந்தது, விளைச்சல் வரவில்லை

சேர்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் ஒரு பருவம் முழுக்க அடி வாங்கிய சிறு குடும்பங்களின் கணக்கு

2024 டிசம்பர் இரண்டாவது வாரத்தில் நியூயார்க் சந்தையில் அராபிகா காப்பியின் விலை 1977-இல் தொட்ட உச்சத்தைக் கடந்தது. அடுத்த பிப்ரவரியில் ஒரு பவுண்டு நான்கு டாலருக்கு மேல் போனது. பிரேசிலில் வறட்சி, வியட்நாமில் வறட்சி, உலகம் முழுக்கக் கொட்டைக்குத் தட்டுப்பாடு. நம் ஊரில் 50 கிலோ மூட்டை அராபிகா பார்ச்மென்ட், அதாவது பழத்தோல் நீக்கிக் கழுவிக் காய வைத்த கொட்டை, 25,000 ரூபாயைத் தாண்டி விற்றது. காப்பித் தோட்டம் வைத்திருக்கும் எந்தக் குடும்பமும் வாழ்நாளில் பார்த்திராத விலை.

1977-இன் உச்சம் உடைவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்புதான் ஏற்காட்டில் மலை கரைந்து ஓடியது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பெஞ்சல் புயல் உடனே கலைந்து போகாமல், வலுவிழந்தபடியே மேற்கே நகர்ந்து, விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று உள்மாவட்டங்களின் தலையில் கொட்டித் தீர்த்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். ஏற்காட்டில் 20 சென்டிமீட்டருக்கு மேல். ஆண்டு முழுவதற்கும் சேர்த்தே ஏற்காட்டுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 150 சென்டிமீட்டர்தான். அதில் ஏழில் ஒரு பங்கு ஒரே நாளில் இறங்கியது. இறங்கிய மாதம் டிசம்பர், அதாவது பழம் எடுப்பு நடக்கும் மாதம்.

பெஞ்சல் மட்டும் வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவை இருந்திருக்காது. புயலைத் தாங்கும் தெம்பு மலைக்காரர்களுக்கு உண்டு. அந்த ஆண்டு புயலுக்கு முன்னால் வெயில் வந்தது, வெயிலோடு தண்டுத் துளைப்பான் வந்தது, பால் வற்றியது, காட்டெருமை வேலியை உடைத்தது. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போனது. கடைசி அடிக்கு மட்டும் அரசிடம் ஒரு விண்ணப்பப் படிவம் இருந்தது. மற்ற அடிகளுக்குக் கணக்குப் பிள்ளையே இல்லை. சிறு பண்ணைக் குடும்பங்கள் நொடித்துப் போவது இப்படித்தான் என்பதையும், நம் நிவாரண முறைக்கு இது கண்ணில் படுவதே இல்லை என்பதையும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மேலே காப்பி, கீழே கறவை

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அடிவாரத்தில் சோதனைச் சாவடியைத் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா வருகிறவர்களுக்கு அடிவாரம் ஒரு தேநீர் நிறுத்தம். அங்கேயே வாழ்கிறவர்களுக்கு அது மலையும் சமவெளியும் பண்டம் மாற்றிக்கொள்ளும் இடம். மேலே 67 மலைக்கிராமங்கள்; பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். பெரிய எஸ்டேட்டுகளுக்கு நடுவே அவர்களுடைய ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் காப்பி. சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகு. வீட்டோரம் பலா, கொய்யா. கீழே கன்னங்குறிச்சி, குப்பனூர், டேனிஷ்பேட்டை என்று மலையைச் சுற்றிய ஊர்களில் மரவள்ளி, சோளம், பாக்கு, தொழுவத்தில் இரண்டு மூன்று ஜெர்சி கலப்பினக் கறவை, பட்டியில் ஐந்தாறு வெள்ளாடு. சேலம் கருப்பு என்றே ஒரு வெள்ளாட்டு இனம் இந்த மாவட்டத்தின் பெயரைத் தாங்கியிருக்கிறது. மேச்சேரி ஆடும் இந்த மாவட்டத்துச் சொத்துதான்.

இந்தக் குடும்பங்களின் பொருளாதாரத்தை வெளியாட்கள் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. காப்பியோ மரவள்ளியோ ஆண்டுக்கு ஒரு முறை பணம் தரும். பால் பத்து நாளைக்கு ஒரு முறை சொசைட்டியிலிருந்து வரும். வீட்டுச் சாமான், பஸ் காசு, மருந்து எல்லாம் அதில்தான். ஆடு அவசரத்துக்கு. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போதும் ஆஸ்பத்திரிக்கு ஓடும்போதும் விற்பதற்கு. மிளகு, ஆடு, பால், காப்பி நான்கும் ஒரே ஆண்டில் படுக்காது என்ற நம்பிக்கையில்தான் இந்த ஏற்பாடு தலைமுறைகளாக நிற்கிறது. ஒன்று போனால் இன்னொன்று தாங்கும். அந்த நம்பிக்கை 2024-இல் அசைந்தது.

பூ மழை வராத ஆண்டு

அராபிகாச் செடிக்கு மழை தேதி பார்த்து வர வேண்டும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல கோடை மழை பெய்தால், அதுவரை மொக்காகக் காத்திருந்த செடி எட்டுப் பத்து நாளில் ஒரே மூச்சாகப் பூக்கும். அதுதான் பூ மழை. அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் பின் மழை வந்தால் பூ காயாகப் பிடிக்கும். பூ மழை பிந்தினால் மொக்கு கருகும். தூறலாக வந்தால் பாதி பூத்துப் பாதி நிற்கும். அப்படிப் பூத்த செடியில் காய்களும் ஒரே நேரத்தில் பழுக்காது. எடுப்புக்கு நாலைந்து முறை ஆள் விட வேண்டியிருக்கும். கூலி இரட்டிப்பாகும்.

2024 ஏப்ரலில் தமிழகத்தின் உள்மாவட்டங்கள் கொதித்தன. சேலத்தில் வெயில் 42 டிகிரி செல்சியஸை ஒட்டி நின்றது. கோடை மழை மே மாதம் நடுவில்தான் முகம் காட்டியது. சுற்றுலாப் பயணிகள் வெயிலுக்குத் தப்பி ஏற்காட்டில் குவிந்தார்கள். தோட்டக்காரர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கிணறும் பம்பும் உள்ள எஸ்டேட் தெளிப்பு நீர் பாய்ச்சிப் பூவைக் காப்பாற்றிக்கொள்ளும். சரிவில் ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு அந்த வசதி கிடையாது.

வெயில் இன்னொரு விருந்தாளியையும் அழைத்து வந்தது. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு அராபிகாச் செடிக்கு எமன். வெயில் படும் தண்டின் பட்டை இடுக்கில் முட்டை வைக்கும். புழு உள்ளே இறங்கிக் கட்டையைக் குடைந்துகொண்டே போகும். வெளியே பார்த்தால் செடி பச்சையாக நிற்கும். ஒரு நாள் இலை மஞ்சளாகி வாடும்போது உள்ளே ஒன்றும் மிச்சமிருக்காது. மருந்து அடித்துப் பிரயோசனமில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை தோட்டம் முழுக்கச் செடி செடியாகப் பார்த்து, தாக்கப்பட்டதைப் பிடுங்கி எரிக்க வேண்டும். நிழல் நன்றாக இருந்தால் வண்டு குறையும். நிழல் தந்த சில்வர் ஓக் மரத்தை விலைக்காக வெட்டிய தோட்டத்தில், வறண்ட கோடையில், அது பெருகும்.

ஒரு செடியைப் பிடுங்குவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். புதிதாக நட்ட காப்பிக் கன்று காய்ப்புக்கு வர மூன்று நான்கு ஆண்டு. முழுக் காய்ப்புக்கு இன்னும் கூட. தாத்தா வைத்த செடியைப் பிடுங்கி எரிக்கிற குடும்பம் அந்த ஆண்டின் காயை மட்டும் இழக்கவில்லை. அடுத்த நான்கு ஆண்டுக் காயையும் சேர்த்து எரிக்கிறது. எந்த இழப்பீட்டுப் படிவத்திலும் இதற்கு ஒரு கட்டம் இல்லை.

இதோடு காட்டெருமை. ஏற்காட்டில் பத்துப் பதினைந்து ஆண்டுகளாகவே அவை ஊருக்குள் வருவது சாதாரணமாகிவிட்டது. செடியை அவை விரும்பித் தின்பதைவிட மிதித்தும் ஒடித்தும் கெடுப்பதுதான் அதிகம். ஒரு டன் எடையுள்ள விலங்கு சரிவில் இறங்கிப் போன தடத்தில் காப்பி நிற்காது. விடியற்காலையில் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் தனியாகப் போக அஞ்சுகிறார்கள். காட்டெருமைக்கும் வேறு போக்கிடம் இல்லை. காட்டின் ஓரமெல்லாம் ரிசார்ட்டும் வேலியும் ஆகிவிட்டது. அதைக் குற்றவாளி ஆக்குவது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் நஷ்டம் தோட்டக்காரருடையது என்பதும் உண்மை.

தொழுவத்துக் கணக்கு

மலைக்குக் கீழே அதே வெயில் தொழுவத்தில் வேறு விதமாக வேலை செய்தது. ஜெர்சி கலப்பினம் குளிர்நாட்டு ரத்தம் கலந்தது. தகர ஷெட்டில் கட்டிய மாடு நண்பகலில் மூச்சிரைக்கும், தீவனம் எடுக்காது, தண்ணீரையே தேடும். பால் குறையும். குறைவதோடு போகாது, கொழுப்பும் திடச்சத்தும் இறங்கும். சொசைட்டியில் லிட்டருக்கு விலை தீர்மானிப்பது அந்த இரண்டும்தான். 2023 டிசம்பரில் அரசு லிட்டருக்கு மூன்று ரூபாய் ஊக்கத்தொகை கூட்டிப் பசும்பாலை 38 ரூபாய்க்குக் கொண்டுவந்தது நல்ல காரியம். ஆனால் அந்த 38 ரூபாய் தரமான பாலுக்கு. வெயிலில் வாடிய மாட்டின் பாலுக்கு முழு விலை கிடைக்காது. சினை பிடிப்பதும் தவறும். கோடையில் ஊசி போட்டது நிற்கவில்லை என்றால் அந்த மாடு இன்னும் சில மாதம் பால் தராமல் தின்றுகொண்டு நிற்கும்.

பசுந்தீவனம் காய்ந்தால் சோளத்தட்டும் வைக்கோலும் விலைக்கு வாங்க வேண்டும். அடிவாரத்தில் காசு கொடுத்து வாங்கிய தட்டு மலைமேல் கிராமத்துக்குப் போய்ச் சேரும்போது வண்டி வாடகையும் ஏறிவிடும். தவிடு, புண்ணாக்கு, கலப்புத் தீவனம் எதுவும் பால் விலை இறங்கும்போது சேர்ந்து இறங்கியதில்லை. இப்படிப்பட்ட மாதங்களில்தான் கறவை மாடு சந்தைக்குப் போகிறது. வாங்கிய விலையில் பாதிக்கு.

நோய் வந்தால் இன்னும் மோசம். தோல் கழலை நோய், மக்கள் வாயில் மாட்டு அம்மை, 2019-இல் ஒடிசாவில் முதன்முதலாக இந்தியாவுக்குள் கண்டறியப்பட்டு அடுத்தடுத்த ஆண்டுகளில் தமிழகத்திலும் பரவியது. 1929-இல் ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் முதலில் பதிவான நோய் இது. 2022-இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மாடுகளை மொத்தமாகச் சாய்த்தது. கொசுவும் கடிக்கிற ஈயும் உண்ணியும் பரப்புகிற வைரஸ். காய்ச்சல், உடம்பெல்லாம் கட்டி, கால் வீக்கம். இறப்பு விகிதம் பொதுவாகக் குறைவு. அதனால்தான் அதிகாரிகளின் அறிக்கையில் அது சிறியதாகத் தெரிகிறது. பிழைத்த மாட்டைப் போய்ப் பாருங்கள். பால் நின்றிருக்கும். சினை கலைந்திருக்கும். தோல் ஓட்டை விழுந்திருக்கும். சந்தையில் யாரும் விலை கேட்க மாட்டார்கள். செத்தால்தான் இழப்பு என்று எழுதி வைத்திருக்கிற கணக்கில் இந்த மாடு நலமாக இருப்பதாகவே பதிவாகும்.

கால்நடைத் துறை ஆட்டம்மைத் தடுப்பூசியைக் கொண்டு இதை ஓரளவு தடுத்தது. நம் விஞ்ஞானிகள் 2022-இல் இந்த நோய்க்கென்றே தனித் தடுப்பூசியும் உருவாக்கிக் காட்டினார்கள். ஊசி போட ஆள் வீடு வரை வர வேண்டும், அதுதான் மலைக்கிராமங்களில் சிக்கல்.

2024-இல் சிறுத்தை பயமும் சேர்ந்துகொண்டது. சேலம் மாவட்டத்தின் மேற்கு மூலையில், மேட்டூரை அடுத்த கொளத்தூர்ப் பகுதியில் ஆடுகளை அடித்து வந்த ஒரு சிறுத்தை செப்டம்பர் கடைசியில் துப்பாக்கிக் குண்டுக் காயத்தோடு இறந்து கிடந்தது. சட்டப்படி அது பெரிய குற்றம்; அந்த விலங்கைக் கொன்றதை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் பட்டியில் ஆடு வைத்திருப்பவர்களின் மனம் அந்த அளவுக்கு எப்படி இறுகிப்போனது என்பதை மாவட்ட நிர்வாகம் யோசிக்க வேண்டும். இரண்டு ஆடு போவது ஒரு வீட்டின் அந்த ஆண்டுப் பள்ளிக்கூடக் கட்டணம் போவது. இழப்பீட்டுக்கு வனத்துறை, கால்நடை மருத்துவர், கிராம நிர்வாக அலுவலர் என மூன்று பேரின் கையெழுத்து வேண்டும். அது வருவதற்குள் சிறுத்தை மறுபடியும் வந்துவிடும் என்பது அவர்களுடைய பயம்.

பெஞ்சல்

இந்த நிலையில்தான் டிசம்பர் வந்தது. பூ மழை தவறியதில் தப்பிப் பிழைத்த காய் அப்போதுதான் சிவந்துகொண்டிருந்தது. விலை ஏறுகிறது என்ற செய்தி வேறு. எவ்வளவு குறைவாகக் காய்த்திருந்தாலும் இந்த விலைக்கு ஈடு கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டவர்கள் பலர்.

பழுத்த காப்பிப் பழம் கனமழையைத் தாங்காது. நீரை உறிஞ்சித் தோல் வெடிக்கும். காம்பு தளர்ந்து கீழே கொட்டும். கொட்டியதை அன்றே பொறுக்கினால் ஓரளவு மீட்கலாம். சரிவில் சேறு ஓடுகிறபோது யார் பொறுக்குவது? இரண்டு நாளில் புளிக்கும், பூஞ்சை பிடிக்கும். எடுத்த பழத்துக்கும் அதே கதிதான். பல்பரில் தோல் நீக்கிக் கழுவிய பார்ச்மென்ட் ஒரு வாரம் பத்து நாள் நல்ல வெயிலில் காய வேண்டும். தோலோடு காய வைக்கிற செர்ரிக்கு இன்னும் அதிக நாள். களத்தில் தார்ப்பாய் போட்டு மூடியபடி வைத்தால் உள்ளேயே வெந்து நாற்றம் எடுக்கும். அந்தக் கொட்டையைக் கடைசித் தர விலைக்குக்கூட வாங்குபவர் யோசிப்பார். எந்திர உலர்த்தி வைத்திருப்பது பெரிய எஸ்டேட்டுகள் மட்டுமே.

மலைப்பாதையில் மண் சரிந்து, பாறை உருண்டு, போக்குவரத்து நின்றது. பால் கேன் கீழே இறங்கவில்லை. தீவனம் மேலே ஏறவில்லை. கறந்த பாலை வீட்டில் தயிராக்கியவர்கள் உண்டு, கன்றுக்கு விட்டவர்கள் உண்டு. எடுப்புக்கு வர வேண்டிய ஆட்கள் அடிவாரத்தில் நின்றுவிட்டார்கள். கீழே திருமணிமுத்தாறு பொங்கிச் சேலம் நகருக்குள் தாழ்வான தெருக்களில் புகுந்தது. மலையில் பெய்தது எங்கே போகும்?

மழை ஓய்ந்த பிறகுதான் தொழுவத்துக்கு அடுத்த சோதனை. ஈரத் தரையில் நின்ற மாட்டுக்குக் குளம்பு அழுகும், மடிநோய் வரும். நனைந்த தட்டில் பூஞ்சை. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் சிறு பூச்சிகள் பெருகும்போது செம்மறியாட்டுக்கு நீலநாக்கு நோய் வருவது தமிழகம் பல ஆண்டுகளாகப் பார்த்து வருவது. காப்பித் தோட்டத்திலோ தரையில் கிடந்த பழம் அடுத்த ஆண்டுக்கான விதை நெல்போலத் துளைப்பான் பூச்சியை வளர்க்கும். 1990-இல் கூடலூரில் முதன்முதலாக இந்தியாவுக்குள் தென்பட்ட காய்த் துளைப்பான் அப்படிக் கிடந்த பழத்துக்குள்தான் பருவம் தாண்டுகிறது. தரையைச் சுத்தமாகக் கூட்டிப் பொறுக்கு என்பது காப்பி வாரியத்தின் பழைய அறிவுரை. விழுந்த பழத்தை விற்க முடியாது என்று தெரிந்த பிறகு, அதைப் பொறுக்கக் கூலி கொடுக்கச் சிறு விவசாயியிடம் பணம் ஏது? ஆக, 2024-இன் மழை 2025-இன் பூச்சியாகத் தொடர்கிறது.

33 சதவீதம்

டிசம்பர் 3-ஆம் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் பெஞ்சல் நிவாரணத்தை அறிவித்தார். 33 சதவீதத்துக்கு மேல் பாதிக்கப்பட்ட பாசன நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். பல்லாண்டுப் பயிர்களுக்கு 22,500. மானாவாரிக்கு 8,500. பசு, எருமை இறந்திருந்தால் 37,500. ஆடு இறந்திருந்தால் 4,000. கோழிக்கு 100. வேகமாக அறிவித்தார்கள்; பாராட்ட வேண்டியதுதான். கால்நடைக்கான தொகைகள் ஒன்றிய அரசின் அப்போதைய பேரிடர் நிவாரண விதியிலும் அப்படியே இருந்தவை.

இப்போது காப்பிக்காரரின் கணக்கைப் போடுவோம். ஹெக்டேருக்கு 22,500 என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 9,100 ரூபாய். அன்றைய விலையில் ஒரு மூட்டை பார்ச்மென்ட்டின் பாதிப் பணம்கூட இல்லை. அதையாவது வாங்க முடியுமா? பல்லாண்டுப் பயிர் இழப்பு என்றால் அதிகாரி தேடுவது சாய்ந்த மரத்தை. காப்பிச் செடி சாயவில்லை. பச்சைப் பசேலென்று நிற்கிறது. உதிர்ந்த பழம் சேற்றோடு போய்விட்டது. களத்தில் கெட்டது அறுவடைக்குப் பிந்தைய இழப்பு, அது பயிர்ச்சேதக் கணக்கில் வராது. பூ மழை தவறிப் போன காய் எந்தப் புயலிலும் போகவில்லை. துளைப்பானுக்குப் பிடுங்கிய செடி ஜூனிலேயே சாம்பல். நான்கு இழப்பு, ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் 33 சதவீதத்துக்குள். நான்கும் சேர்ந்தால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் முழுதும்.

ஒன்றிய அரசு பேரிடர் என்று ஏற்றுக்கொண்ட பட்டியலில் புயல், வெள்ளம், வறட்சி, நிலச்சரிவு, பூச்சித் தாக்குதல் உள்பட 12 இனங்கள் அந்த ஆண்டு இருந்தன. மாட்டு நோய் அதில் இல்லை. பயிரைத் தின்கிற பூச்சி பேரிடர். பசுவைக் கொல்கிற வைரஸ் பேரிடர் இல்லை. இந்த வேறுபாட்டுக்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை. மாடு என்பது அடிவாரத்து வீட்டுக்கு நகரும் வயல்.

மலைமேல் இன்னொரு முட்டுக்கட்டை, பட்டா. தலைமுறையாக உழும் நிலத்துக்குப் பத்திரம் இல்லாத குடும்பங்கள் சேர்வராயன் மலையில் உண்டு. 2006-இன் வன உரிமைச் சட்டம் அவர்களுக்காகத்தான் வந்தது. அடங்கலில் பெயர் இல்லாதவருக்குப் பயிர் நிவாரணம் கிடையாது, கூட்டுறவுக் கடன் கிடையாது. மிச்சம் அடகுக்கடை வட்டிதான். அதுவும் முடிந்தால் கூர்க்குக்கோ கேரளத்துக்கோ அடுத்தவர் தோட்டத்தில் மிளகு பறிக்கப் பஸ் ஏறுவது. சொந்தச் செடியை விட்டுவிட்டு அதே செடிக்குக் கூலி வேலை.

காப்பீடு இல்லையா என்று கேட்கலாம். காப்பிக்கு வாரியமும் வேளாண் காப்பீட்டு நிறுவனமும் சேர்ந்து ஒரு மழைக் காப்பீட்டுத் திட்டத்தை முன்பு நடத்தின. பூ மழை, பின் மழை, பருவமழை மூன்றையும் தனித்தனியே கணக்கில் எடுத்த திட்டம் அது. செடியின் இயல்பைப் புரிந்துகொண்டு வகுத்தது. அந்த மாதிரியை இன்றைய மழைக்கு ஏற்பத் திருத்தி, எடுப்புக் காலக் கனமழையையும் சேர்த்து மறுபடி கொண்டுவர வேண்டும். கால்நடைக்கு இப்போது வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. 2024 பிப்ரவரியில் ஒன்றிய அமைச்சரவை தேசிய கால்நடை இயக்கத்தின் விதியைத் திருத்தி, பிரீமியத்தில் உரிமையாளர் பங்கை 15 சதவீதமாகக் குறைத்தது. மீதியை ஒன்றிய, மாநில அரசுகள் கட்டும். ஆனால் காதில் தோடு இல்லாத மாட்டுக்கு இழப்பீடு கிடையாது. புதரில் மேயும் மாட்டின் காது கிழிந்து தோடு விழுவது அன்றாடம் நடப்பது. விழுந்த அன்றே சொல்லி மாற்றுத் தோடு போட வேண்டும் என்பது பலருக்கும் தெரியாது. சொல்லித்தர வேண்டிய இடம் பால் சொசைட்டி. தினம் இரண்டு வேளை அத்தனை மாட்டுக்காரர்களும் கேனோடு வந்து நிற்கிற இடம் அது ஒன்றுதானே.

இதற்கு முன்பும்

இந்த மலை இப்படி அடிபடுவது முதல் முறை அல்ல. 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியை நட்டார்; தண்டுத் துளைப்பானும் இலைத் துருவும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தென்னிந்தியத் தோட்டங்களை உலுக்கின. தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் பட்டது தனிக் கதை. 1871-க்கும் 1881-க்கும் இடையே மாவட்டத்தின் மக்கள்தொகையே பல லட்சம் குறைந்தது. நம் தாத்தா காலத்தில் ஏற்காடு என்றால் ஆரஞ்சு. நோயும் கவனிப்பின்மையும் சேர்ந்து அந்த ஆரஞ்சை மலையிலிருந்து ஏறக்குறையத் துடைத்துவிட்டன. 2001-இல் காப்பி விலை உலகம் முழுக்க விழுந்தபோது சிறு தோட்டங்கள் கைமாறின. ரிசார்ட்டுகள் முளைத்த சரிவுகளில் சில அப்படிக் கைமாறியவை. ஒரு கெட்ட பருவத்தை எந்தக் குடும்பம் தாண்டும், எது நிலத்தை விற்கும் என்பதைத் தீர்மானிப்பது அடுத்த எட்டு மாதத்துக்கு வீட்டில் காசு புரளுமா என்ற ஒரே கேள்வி.

ஏத்தாப்பூரில் நடந்தது

நம்பிக்கைக்கும் இதே மாவட்டத்தில் ஒரு சான்று இருக்கிறது. 2020-இல் மரவள்ளி மாவுப்பூச்சி கேரளத்தில் தென்பட்டு, விரைவில் சேலம், நாமக்கல் வயல்களுக்குள் புகுந்தது. குருத்து சுருண்டு, கணு குறுகி, கிழங்கு சிறுத்தது. ஜவ்வரிசி ஆலைகளை நம்பி வாழும் அடிவாரத்து ஊர்களுக்கு அது பேரிடி. பூச்சியை உற்றுப் பார்த்த விஞ்ஞானிகளுக்கு ஆப்பிரிக்காவின் அனுபவம் நினைவுக்கு வந்தது. எண்பதுகளில் அங்கே இதே பூச்சி கோடிக்கணக்கான மக்களின் உணவை அழித்தபோது ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிஸ் பூச்சியியலாளர் தலைமையில் தென் அமெரிக்காவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த வேலைக்காக 1995-இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள அமைப்பு அதே குளவியை மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்தது. தனிமைப்படுத்திச் சோதித்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வயலில் விட்டது. குளவி பூச்சியின் உடலுக்குள் முட்டையிடுகிறது; அதிலிருந்து வரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று தீர்க்கிறது. விவசாயிக்குச் செலவு ஏதுமில்லை.

இரண்டே ஆண்டில் ஓர் ஆப்பிரிக்க அனுபவம் ஏத்தாப்பூர் வயலுக்கு வந்து சேர முடியுமென்றால், ஏற்காட்டிலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கும்போது, மலைக்காரர்களுக்கு ஊருக்கு ஒரு பொது உலர்களமும் உலர்த்தியும் அமைப்பது முடியாத காரியமல்ல. நாலைந்து கிராமத்துக்கு ஒரு உலர்த்தி இருந்திருந்தால் பெஞ்சலில் எடுத்த பழமாவது தப்பியிருக்கும். துளைப்பானுக்குப் பிடுங்கிய செடிக்கு மறுநடவு மானியமும், காய்ப்பு வரும் வரையான ஆண்டுகளுக்கு நிழல் மரத்தில் ஏற்ற மிளகு நாற்றும் தரலாம். பெரிய செலவு இல்லை.

அதைவிட முதலில் வேண்டியது கணக்கெடுக்கும் முறையை மாற்றுவது. புயல் வந்த அன்றைய சேதத்தை மட்டும் எழுதாமல், ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரு வீடு இழந்ததை ஒரே தாளில் எழுதுங்கள். வராத மழை, பிடுங்கிய செடி, வற்றிய மடி, கலைந்த சினை, சிறுத்தை அடித்த ஆடு, காட்டெருமை மிதித்த வரிசை, சேற்றில் போன பழம். கால்நடைத் துறை, தோட்டக்கலைத் துறை, வனத்துறை, வருவாய்த் துறை நாலும் நாலு நாளில் வந்து நாலு கையெழுத்துப் போடுவதற்குப் பதில் ஒரே நாளில் ஒன்றாக வந்தால் போதும். 67 கிராமங்கள்தான். ஒரு மாவட்ட ஆட்சியர் மனது வைத்தால் ஒரு மாதத்தில் முடியும். மாட்டு நோயைப் பேரிடர்ப் பட்டியலில் சேர்க்கத் தமிழக அரசு ஒன்றிய அரசுக்கு எழுத வேண்டும். அதுவரை மாநில நிதியிலிருந்து கொடுக்க வேண்டும்.

மலைமேலும் அடிவாரத்திலும் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். பால் எத்தனை லிட்டர் குறைந்தது, எந்தத் தேதியில் எத்தனை செடி பிடுங்கினீர்கள், எந்த மாட்டுக்கு எப்போது ஊசி, தோடு எண் என்ன என்று பிள்ளைகளை விட்டு எழுதச் சொல்லுங்கள். உதிர்ந்த பழத்தையும் களத்தில் கெட்டதையும் அன்றே செல்போனில் படம் எடுத்து வையுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் மனு கொடுத்தால் ரசீது கேட்டு வாங்குங்கள். நவம்பரில் அடுத்த எடுப்பு தொடங்குவதற்கு முன் உங்கள் மாடுகளைக் காப்பீட்டில் சேர்த்துவிடுங்கள். பாலிசி போட்ட முதல் சில வாரங்களில் நோயால் இறந்தால் பணம் கிடைக்காது, அதனால் தள்ளிப் போடாதீர்கள்.